ஊருக்கு வெளியே சேரி, நகருக்கு வெளியே கண்ணகி நகர்



‘நகர்ப்புறக் குடியிருப்புகளில் சமத்துவ வளர்ச்சி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி என்றதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதற்காக யாருடைய வீடு இடிக்கப்பட்டது என்பதுதான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் புனிதமாக்கும் பார்வையைக் கடுமையாக நிராகரித்தார். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. அதிலிருந்து தப்பித்துத்தான் நம் முன்னோரில் பலர் சென்னைக்கு வந்தார்கள். மூட்டை தூக்கினார்கள், சாலை போட்டார்கள், சாக்கடை அள்ளினார்கள். வேலை கொடுத்த நகரம் மனை கொடுக்கவில்லை. கூவம், அடையாற்றுக் கரைகளிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் சட்டம் வந்தது. இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அன்றைய முக்கிய அணுகுமுறை. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்கிருப்பவர்களை வெளியேற்ற முடியாது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் நீளவே இல்லை. குடிசைகள் பெருகின, பாதுகாப்பு பெருகவில்லை. பட்டியலில் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் வெறும் ‘ஆக்கிரமிப்பாளர்’.

2000ஆம் ஆண்டு முதல் அவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம், மழை வந்தால் தண்ணீர் நிற்கும் தாழ்வான பகுதி. அதே சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

“கான்கிரீட் வீடுதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு, நடந்துபோகும் தூரத்தில் நான்கு வீடுகள் இருந்தன. இப்போது இரண்டு பஸ் மாறி ஒரு வீட்டுக்குப் போகிறார். நடுக்கல்வியாண்டில் இடம்பெயர்ந்த பிள்ளை படிப்பை நிறுத்துகிறது. வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வெளியேற்றத்தைத் தடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நீதிமன்றம் ஒரு வாசலைத் திறக்கும். உள்ளே போவது இயக்கத்தின் வேலை.

இதில் சாதி எங்கே இருக்கிறது? முகவரியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘கண்ணகி நகர்’ என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சாதிப் பெயரைக் கேட்காமலே சாதி பார்க்க நகரம் கண்டுபிடித்த வழி இது. 2021இல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. பெயர் மாற்றம் நல்லது. நடைமுறை மாற வேண்டாமா?

நம் கோரிக்கைகள் தெளிவானவை. விடுபட்ட பகுதிகளைச் சட்டப்படி அறிவியுங்கள். இருக்கும் இடத்தில் வீடு கொடுங்கள், முடியாதபோது வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் கொடுங்கள். மறுகுடியமர்த்தப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்துவிட்டன. உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடும் நாளில் குடிசைப் பகுதிப் பெண்களோடு போய் உட்காருங்கள். தண்ணீர், கழிப்பறை, பட்டா பற்றி அவர்கள் பேசட்டும், அது தீர்மானமாகப் பதிவாகிறதா என்று நீங்கள் பாருங்கள்.

2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை, நாடே கண்ணகி நகர் கார்த்திகா என்று கொண்டாடியது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு முகவரிக்கு மரியாதை கிடைக்க அங்கிருந்து ஒருவர் தங்கம் வென்றாக வேண்டும் என்றால், அது சமத்துவம் அல்ல. பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் அதே மரியாதை கிடைக்கும் நகரத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

ஜெய் பீம்.