அடைப்பு எடுக்க 'ஆள்' எதற்கு?



கக்கூஸ் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கலாம். இருபது வருஷமாய்க் குழாய் வேலை செய்கிறவன், இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். சமையலறைக் குழாய் ஒழுகினால் 'பிளம்பரைக் கூப்பிடு' என்கிறார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டால் 'ஆளைக் கூப்பிடு' என்கிறார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வரவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிகிறது.

சரி, அடைப்பு என்றால் என்ன? கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது. அந்த வளைவில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். கீழே இருக்கிற நாற்றத்தை மேலே விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பெரும்பாலும் அடைப்பும் அந்த வளைவில்தான் விழும். துணி, நாப்கின், ஷாம்பு பாக்கெட், இவ்வளவுதான் சங்கதி. ரப்பர் கிண்ணம் மாட்டிய பிளஞ்சர் ஒன்று வாங்குங்கள். கையுறை போடுங்கள். ஓட்டையை ரப்பர் முழுசாக மூடவேண்டும்; ரப்பர் தண்ணீரில் முங்கியும் இருக்கவேண்டும். மெதுவாக அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். பதினைந்து, இருபது தரம். தள்ளுவது மட்டும் போதாது, இழுப்பில்தான் அடைப்பு அசைந்து கொடுக்கும். தண்ணீர் கடகடவென்று இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். முடிஞ்சுபோச்சு. இதுக்கு எந்தச் சாதிச் சான்றிதழும் வேண்டாம்.

ஆசிட் ஊத்தாதீங்க. பிளாஸ்டிக் அதில் கரையாது. பிளீச்சிங் பவுடர் ஏற்கெனவே போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஒரு வீட்டில் குழாய் வேலை முடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா, "உங்க ஆளுங்க யாராச்சும் இருந்தா அனுப்புப்பா, கக்கூஸ் அடைச்சிருக்கு" என்றார். பிளஞ்சரை அவர் மகனிடம் நீட்டினேன். காலேஜ் படிக்கிற பையன், வாங்கிக்கொண்டான். அம்மாதான் பிடுங்கி வெளியே போட்டார். "நம்ம புள்ள இதையெல்லாம் தொடலாமா?" அவர்கள் வீட்டு மலம் அவர்களுக்கே தீட்டு, எனக்கு மட்டும் அது தொழில்! அந்தப் பையன் வாங்கிக்கொண்டானே, அதை நான் மறக்கவில்லை.

பிளஞ்சரால் ஆகாத இடமும் உண்டு. எல்லாக் கக்கூஸிலும் குளியலறையிலும் சேர்ந்தாற்போல் தண்ணீர் ஏறினால், கோளாறு வெளியே. சேம்பர் அடைத்திருக்கும், இல்லை செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும். சாவு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. 'நாத்தம் இல்லை, இறங்கு' என்கிறான் மேலே நிற்கிறவன். இறங்கினவர் மயங்கி விழுவார், தூக்கப்போனவரும் விழுவார். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதும் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும், பற்றிக்கொள்ளும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை இந்த வேலைக்கு ஏவுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏவியது வீட்டுக்காரரானாலும் குற்றம்தான். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இறங்குகிற சாதி மாறவில்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நிரம்பி வழியும்வரை காத்திராமல், உறிஞ்சு லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். சந்துக்குள் லாரி வராது என்பார்கள். நீளக் குழாய் போடச் சொல்லுங்கள்.

இந்த விடுதியில் பின்பக்கம் ரெண்டு கக்கூஸ் அடைத்திருக்கிறதாம். யாரையோ வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். பையில் பிளஞ்சர் இருக்கு, நாலு ஜோடி கையுறையும் இருக்கு. அவர் வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம். நாலு பேர் எழுந்திரிங்க.