உள்ளி நடும் மாதம்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வாழ்க்கையின் பருவங்களும் கிறிஸ்தவ நம்பிக்கையும் என்ற பொருளில் பேசும்படி கேட்டார்கள். நான் போதகர் அல்ல. மான்மவுத் ஜங்ஷனில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் ஓர் அம்மம்மா, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலானோர் சைவ சமயத்தவர் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவரையும் மாற்றுவதற்கு நான் இதைச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது பண்டத்தரிப்பில். அங்கே நாங்கள் பருவத்தைக் காற்றை வைத்து அறிந்தோம். சோளகம் ஒரு காலம், வாடை ஒரு காலம். வேதாகமத்தில் பிரசங்கியின் புத்தகம், மூன்றாம் அதிகாரம், நடுவதற்கும் பிடுங்குவதற்கும், அழுவதற்கும் சிரிப்பதற்கும் காலம் உண்டு என்று ஒரு வரிசை சொல்லும். அம்மாவுக்கு அது முழுக்க மனப்பாடம். எனக்கோ அது பள்ளிக்கூட நேரசூசி மாதிரித்தான் இருந்தது. வீட்டை விட்டு ஓடுவதற்கு ஒரு காலம் என்று அந்த வரிசையில் இல்லை. அதைப் பின்னாளில்தான் கவனித்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அதே மழையில், அதே தெருவில் நின்றவர்கள். நாங்கள் மானிப்பாயிலிருந்து புறப்பட்டோம். லட்சக்கணக்கான சனம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம் போல இருந்தது. என் இடுப்பில் மகன், கையில் சூட்கேஸ், பக்கத்தில் அம்மா. அம்மா பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து. பிள்ளை பசியில் கத்துகிறான், மழை விடவில்லை. நான் திரும்பி, "அம்மா, வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ" என்றேன்.

அம்மா வாயை மூடினார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்கியிருந்தபோது, அந்த மார்கழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். இடையில் எத்தனையோ கதைத்தோம். ஆனால் என் காதுக்குக் கேட்க அவர் அந்த ஜெபத்தைத் திரும்பச் சொல்லவேயில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் ஜெபம் நின்றுவிட்டது. கடவுள் இல்லை என்று நான் வாதாடவில்லை. அவரோடு கதையில்லை, அவ்வளவுதான். 1999இல் மகனோடு இங்கே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் போனேன். உண்மையைச் சொன்னால், தமிழ்ச் சனத்தைப் பார்க்கவும் சமைத்துக் கொடுக்கவும்தான் போனேன். கண்ணை மூடுவேன், உள்ளே ஒன்றும் இராது. நம்மில் இப்படி இருப்பவர்கள் எத்தனையோ பேர் என்று நினைக்கிறேன். சமயம் எதுவாக இருந்தாலும்.

2006இல் மகன் பள்ளிக்கூடத்துக்காக எங்கள் ஊரின் பெயர்க் காரணத்தைத் தேடினான். இங்கே முன்பு ரயில் பாதைகள் பிரிந்தன. அதனால்தான் ஜங்ஷன். ரயில்கள் இன்றும் இரைந்துகொண்டு போகின்றன, நிற்பதற்குத்தான் நிலையம் இல்லை. பிரிந்த கிளைப்பாதை ஒன்று பிறீஹோல்ட் பக்கம் போனது. பிறீஹோல்ட் என்றதும் அவனே இன்னொன்றைக் கண்டுபிடித்தான். "அம்மா, உங்கட பண்டத்தரிப்புக்குப் போன டொக்டர் இங்கே பிறந்தவராம்!"

ஜோன் ஸ்கடர் வைத்தியர். 1793இல் பிறீஹோல்டில் பிறந்தவர். 1811இல் இங்கே பக்கத்திலுள்ள பிறின்ஸ்ரனில் பட்டம் பெற்று, நியூயோர்க்கில் வைத்தியராக நல்ல பேர் எடுத்தவர். நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ட ஒரு சிறு பிரசுரம் அவரைத் திருப்பிவிட்டது. 1819 ஜூனில் மனைவி ஹரியட்டோடும் கைக்குழந்தையோடும் பொஸ்ரனில் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் வந்து சேருமுன்பே அந்தக் குழந்தை இறந்துபோனது. பிறகு பண்டத்தரிப்பில் வைத்தியமும் ஊழியமும் செய்தார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி.

அந்த மிஷனின் எல்லாவற்றையும் நான் மெச்சுபவள் அல்ல. பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்களை எங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டிய பழக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் ஹரியட் என்ற அந்தப் பெண்ணை நினைத்து அன்றிரவு நித்திரை வரவில்லை. வைத்தியருடைய எழுத்துகள் நிறைய உண்டு. அவரோ என் ஊருக்கு, நான் அவர் ஊருக்கு. பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறிய பெண் என்னவென்று ஜெபித்திருப்பாள்? அல்லது அவளுக்கும் என்னைப்போல நின்றுபோனதா? பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பேன்.

அதே ஒக்டோபரில்தான் பக்கத்து வீட்டு அமெரிக்க மூதாட்டி, முழங்கால் ஏலாமல், உள்ளி நட்டுத் தரும்படி என்னைக் கூப்பிட்டார். ஊரில் சின்ன வெங்காயம் நட்ட கைதான். ஆனால் குளிர் தொடங்கும் மாதத்தில் நடுவதா என்று சிரித்தேன். உள்ளியைப் பல்லுப் பல்லாகப் பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, காய்ந்த இலையால் மூட வேண்டும். பனி கொட்டும். ஆடி மாதம் கிளறி எடுக்கலாம். வசந்தத்தில் நட்டால் என்ன என்று கேட்டேன். குளிர் படாத உள்ளி பல்லுப் பிரியாது, சின்னதாய் ஒரே உருண்டையாக நின்றுவிடும் என்றார்.

மூன்றாவது வரிசை நடும்போது ஒக்டோபர் என்ற நினைவு வந்தது. நான் குனிந்தபடிதான் இருந்தேன். வாய் தானாகவே பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, அம்மா சொல்லும் அதே இழுவையில். மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டது. அந்த மூதாட்டிக்கு ஒன்றும் விளங்கியிராது. "நிறுத்தாதே, நல்லாயிருக்கு" என்றார்.

அவர் இப்போது இல்லை. உள்ளியை என் வீட்டுப் பின்வளவில் வருடாவருடம் நடுகிறேன். ஜெபமும் சொல்கிறேன், நாள்தோறும் அல்ல. அந்த இடத்தில் இன்னும் நிற்க வேண்டியிருக்கிறது. சில நாள் உடனே கடந்துவிடுவேன், சில நாள் அடுப்பில் வைத்த கறி அடிப்பிடிக்கும் வரை அங்கேயே நிற்பேன். இந்த ஐப்பசியில் பேரப்பிள்ளை கூட நின்று நடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் இழுவை அவளுக்கும் கேட்கும்.