கிலோவை யார் தீர்மானிப்பது?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் நான்காம் வகுப்பில் கழித்தல் கணக்குப் போட்டோம். 20இல் 3 போனால் மீதி என்ன என்று கேட்டோம். ஒரு பிள்ளை 17 என்று எழுதி, பக்கத்தில் 'அரைப்பேர்' என்றும் எழுதியிருந்தது. நாங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா 20 கிலோ எடுத்தால் சாக்குக்கும் தண்ணிக்கும் 3 கிலோ கழிப்பார்கள், 18 இல்லாவிட்டால் அரைப்பேர் என்பது அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நாட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். கிலோவைப் பற்றி நம்மைத் தவிர யாரும் பேசுவதில்லை.

1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பிறகு 53 வருடக் குத்தகை வந்தது. நிலம் இன்றும் அரசுடையதுதான். 20க்கு மேற்பட்ட கம்பனிகள் இருக்கின்றன என்பார்கள். ஆனால் ஒரு தோட்டத்துக்கு ஒரே கம்பனிதான். வேலை, லயம், ரோட்டு, தண்ணீர்க் குழாய், ஆற்றோரத்தில் நாம் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தி, எல்லாம் அதன் கையில். டவுனில் ஒரு கடைக்காரன் ஏமாற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். லயத்தை முதுகில் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போக முடியுமா?

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாய் வந்தது. வெடி கொளுத்தினோம். கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அந்த ஒப்பந்தத்திலும் குறைகள் இருந்தன, ஆனால் கிலோவைப் பற்றிப் பேச அங்கே ஒரு மேசை இருந்தது. சம்பள நிர்ணய சபை ஒரு நாளுக்கு எவ்வளவு என்று சொல்கிறது. எத்தனை கிலோ என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் நமது அரைப்பேர் விழுகிறது.

அதே வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பருக்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். செடிக்கு வர்த்தமானி தெரியாது. உரம் போடாத மலை கொழுந்து கொடுக்கவில்லை. நமது தோட்டத்தில் அப்போது கிலோவை ஒன்றுகூடக் குறைத்தார்களா? காலையிலிருந்து பணியவிடாமல் நின்று பறித்தும் மாலை மடுவத்தில் 14, 15 என்று நிறுத்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்கை கொழும்பில் போட்டது, கூடை நமது முதுகில்.

2022இல் ரூபாய் சரிந்தது. ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறியது. நமது நாட்சம்பளம் 1000இலேயே நின்றது. முந்தைய வருடம் 100 ரூபாய் அளவில் வாங்கிய கோதுமை மா 300ஐத் தாண்டியது. நாட்டின் மாவில் பெரும்பகுதியை அரைப்பவை இரண்டே கம்பனிகள், அங்கேயும் அடுத்த கடை கிடையாது. ரொட்டி இல்லாமல் வந்த பிள்ளைகள் இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதை மறக்க எங்களால் முடியவில்லை.

2024 மே மாதம் 1700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, அது நின்றுபோனது. செப்டம்பரில் 1350 ஆனது. அப்போது அரைப்பேர் போட்டால் அது 675 ஆனது. அதோடு முடியவில்லை. சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிக்கும் நூற்றுக்கு 8, கம்பனி போட வேண்டிய 12, இரண்டும் அந்தப் பாதிக்குத்தான் கணக்கு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கையில் வரும் காசும் இன்றே குறைகிறது.

இதைத் தொழில் திணைக்களத்தில் சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் வாய்ப்பேச்சுத்தான் இருந்தது. வெட்கமாகப் போனது. கணக்கு கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு.

ஆகவே ஆளுக்கு ஒரு கொப்பி தருகிறோம். திகதி, மலை நம்பர், ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, எவ்வளவு கழித்தார்கள், முழுப்பேரா அரைப்பேரா, இவ்வளவும் அன்றன்றே எழுத வேண்டும். எழுதத் தெரியாத அம்மாமார் பிள்ளையிடம் சொல்லுங்கள், அது எழுதும். மழை நாளென்றால் அதையும் எழுதுங்கள், அன்றைக்குத்தான் கழிவு கூடும்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளை மடுவத்தில் இருப்போம். கொப்பியையும் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள்.