பழைய கணிதமும் புதிய பொறியும்



கணிப்பொறி எண்களைக் கூட்டிக் கழிக்கும் கருவி மட்டுமே என நம்மில் பலர் எண்ணுகிறோம். குறியீட்டுக் கணித மென்பொருள் அத்தகையதன்று. இரண்டின் வர்க்கமூலத்தை அது 1.414 எனக் குறுக்கிவிடாமல் வர்க்கமூலமாகவே வைத்துக்கொள்ளும். இயற்கணிதக் கோவைகளைக் காரணிப்படுத்தும். வகைநுண்கணிதத்தையும் தொகைநுண்கணிதத்தையும் நாம் தாளில் செய்வது போல எழுத்துகளைக் கொண்டே செய்து காட்டும்.

இன்று ‘மாக்சிமா’ என வழங்கும் இத்தகைய மென்பொருளின் மூலம், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ‘பி.டி.பி.-10’ என்னும் பெரும் பொறிக்காக அது லிஸ்ப் மொழியின் ஒரு பழைய கிளையில் எழுதப்பட்டது. அப்பொறிகள் வழக்கொழிந்தபோது, அவற்றோடு அந்த அறிவும் மறைந்திருக்கலாம். ஏன் மறையவில்லை? அதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

டெக்சஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர், 1982 முதல் 2001இல் மறையும் வரை அம்மென்பொருளைப் பேணினார். அமெரிக்க எரிசக்தித் துறையிடமிருந்த படியைப் பொதுவான லிஸ்ப் வடிவுக்கு மாற்றினார். அதை யாவர்க்கும் உரிய கட்டற்ற மென்பொருளாக வெளியிட 1998இல் அத்துறையின் இசைவையும் பெற்றார்.

இவ்வாறு ஒரு மென்பொருளைப் புதிய இயங்குதளத்துக்குக் கொண்டு செல்வோர் கணித விதிகளை மாற்றுவதில்லை. கோப்புகளைத் திறத்தல், திரையில் காட்டுதல், நினைவகத்தைக் கையாளுதல் எனப் பொறியைத் தொடும் பகுதிகளையே திருத்துகின்றனர். பின்னர், விடை முன்பே தெரிந்த கணக்குகளை வரிசையாகக் கொடுத்து ஒப்பிடுகின்றனர். ஒரு விடை பிறழ்ந்தாலும் காரணத்தைத் தேடுகின்றனர். விண்டோஸ், லினக்ஸ் தளங்களிலும், கைப்பேசிகளின் ஆண்ட்ராய்டிலும் மாக்சிமா இன்று இயங்குவது இத்தகைய பொறுமையின் பயனே.

பொறுமை மட்டும் போதியதன்று, இசைவும் வேண்டும். மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் எத்தகைய திறமையாளரும் வெளியிலேயே நிற்க நேரும். கல்வியின் வாயில் அடைக்கப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இளைஞர்களே! மாக்சிமாவின் வாயில் திறந்திருக்கிறது. அதற்கு விலையில்லை, அதன் நிரலைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் நமக்கு உரிமை உண்டு. கணக்கை முதலில் தாளில் செய்வோம். பின்னர் பொறியின் விடையோடு ஒப்பிடுவோம். பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடாமல், நாளைய பொறிகளுக்கு இவ்வறிவைச் சுமந்து செல்வோராகவும் உயர்வோம்.