மாலை விருந்துக்கு உடையின் நீளம் எவ்வளவு?



கிள்ளானில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் படிப்பை முடித்து, ஷா ஆலமில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வரும் சனிக்கிழமை இரவு ஹோட்டலில் ஆண்டு விருந்து. புதிதாக வாங்கிய கறுப்பு கவுனைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வந்து நிற்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கு. எங்கே, நாற்காலியில உட்காரு பார்ப்போம்" என்கிறார் அம்மா.

உட்கார்ந்ததும் முழங்காலில் இருந்த கவுன் நான்கு விரற்கடை மேலே ஏறிவிடுகிறது. "இப்படியா பெரியவங்க முன்னால உட்காரப் போற?"

"எல்லாரும் இப்படித்தாம்மா வருவாங்க. உங்களுக்குத் தெரியாது."

வாக்குவாதம் வளர்கிறது. ஆனால் இருவரும் எடுத்துப் பார்க்காத ஒன்று மேசை மேலேயே கிடக்கிறது. அதுதான் அழைப்பிதழ்.

உடையின் நீளத்தைப் பற்றிய பேச்சு எழுந்தாலே அது மானம், மரியாதை, நாகரிகம் என்று எங்கோ போய்விடுகிறது. உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். அழைத்தவர் என்ன கேட்டிருக்கிறார்? அந்த இடம் எப்படிப்பட்டது? அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்?

முதலில் அழைப்பிதழ். நம் நாட்டில் அழைப்பிதழின் அடியில் 'பக்காயான்' என்று போட்டு ஒரு வரி இருக்கும். 'லவுஞ்ச் சூட்' என்றிருந்தால் ஆண்களுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டையும். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை எந்த நீளமும் பொருந்தும். 'பிளேக் டை' என்றிருந்தால் பெண்களுக்குத் தரையைத் தொடும் நீளம் என்பதே பழைய வழக்கம். 'பாத்தேக்' என்றால் ஆண்களுக்கு நீளக்கை பாத்தேக் சட்டை. 'தேசிய உடை' என்றிருந்தால் பாஜு கூரோங் நினைவுக்கு வரும். அதன் மேற்சட்டை முழங்கால் பக்கம் வரும், பாவாடை கணுக்கால் வரை இறங்கும். நம் பெண்களுக்குச் சேலை இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தத் துணி எந்த மாலை விருந்துக்கும் நீளத்தில் குறை வைப்பதில்லை.

அரண்மனை அழைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கிள்ளானில் உள்ள இஸ்தானா ஆலம் ஷாவுக்குப் போகிறவர்கள் நீளத்தோடு நிறத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சள் அரச குடும்பத்துக்குரிய நிறம். விருந்தினர் அதைத் தவிர்ப்பது மரபு.

'நான் எப்படி உடுத்த வேண்டும் என்று இவர்கள் யார் சொல்ல?' என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் காரணமும் உண்டு.

2015 ஜூன் மாதம் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகம் ஒன்றுக்குப் போன பெண்ணின் பாவாடை குட்டை என்று சொல்லி, சாரோங் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இலாகா பிறகு மன்னிப்புக் கேட்டது. அதே மாதம் ஷா ஆலமில் சிலாங்கூர் மாநிலச் செயலகக் கட்டடத்துக்கு வந்த பெண்களையும் காலை மூடிக்கொள்ளச் சொன்னார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. 2023-ன் தொடக்கத்தில் காஜாங்கில் விபத்துப் புகார் கொடுக்கப் போன ஒரு பெண், அரைக்கால் சட்டை அணிந்திருந்ததற்காகக் காவல் நிலைய வாசலில் தடுக்கப்பட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. விபத்தில் சிக்கியவர் வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டா காவல் நிலையம் வருவார்? அரசாங்க முகப்பிடத்துக்குப் போவது குடிமகளின் உரிமை. அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி அல்ல. மாலை விருந்து அப்படியல்ல. ஒருவர் அன்போடு அழைக்கிறார், மற்றவர் விரும்பிப் போகிறார். வேண்டாம் என்றால் போகாமல் இருந்துவிடலாம். முகப்பிடத்தில் பாவாடையை அளப்பது அத்துமீறல். விருந்துக்கு அழைத்தவர் சொன்னதை மதிப்பது பண்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

பொறுப்பு விருந்தாளிக்கு மட்டுமா? இல்லை. அழைக்கிறவருக்கும் உண்டு. 'நேர்த்தியான உடை' என்று பொத்தாம் பொதுவாகப் போட்டுவிட்டு, வாசலில் ஆளை நிறுத்தி ஏற இறங்கப் பார்ப்பது முறையல்ல. உடை பற்றிக் கட்டுப்பாடு இருந்தால் அழைப்பிதழிலேயே தெளிவாக அச்சிட வேண்டும். முதல் முறை இப்படிப்பட்ட விருந்துக்கு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் துணை.

இனி இடமும் வேலையும். மேடை ஏறிப் பரிசு வாங்கப் போகிறவர் படி ஏற வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களின் கண் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். அவருக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடையே நிம்மதி. பேரங்காடி வழியாக நகரும் படிக்கட்டில் வருகிறவர், தரையைக் கூட்டும் கவுனைக் கையில் தூக்கிப் பிடிக்காவிட்டால் ஆபத்து.

குட்டை மட்டும்தான் தவறு என்று எண்ணிவிடக் கூடாது. அதிக நீளமும் தொல்லைதான். பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் 2025-ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். உடல் தெரியும் உடைகளைத் தடுத்தார்கள். கூடவே, தரையில் நீளமாக இழுபடும் பெரிய உடைகளையும் தடுத்தார்கள். மற்றவர் நடக்கவும் அரங்கில் உட்காரவும் அவை இடைஞ்சல் என்பது காரணம்.

தையல் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் சில வழிகள் உண்டு. விருந்துக்குப் போடப்போகும் அதே காலணியைப் போட்டுக்கொண்டுதான் நீளத்தை அளக்க வேண்டும். இரண்டு அங்குலக் குதி வைத்த செருப்பு, கவுனை இரண்டு அங்குலம் தூக்கிவிடும். சேலைக்கும் இதே விதிதான். செருப்பைப் போட்ட பிறகே கொசுவம் வைக்க வேண்டும். அளக்கும்போது குனிந்து பார்க்கக் கூடாது. நேராக நிற்க வேண்டும், இன்னொருவர் ஊசி குத்த வேண்டும். நீளக் கவுனின் முன்பக்கம் தரைக்கு அரை அங்குலம் மேலே நின்றால் கால் தடுக்காது. கடைசியாக, அந்தக் கிள்ளான் அம்மா வைத்த சோதனை: உட்கார்ந்து பார்ப்பது. நிற்கும்போது சரியாக இருப்பது உட்காரும்போது சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

செலவையும் பார்க்க வேண்டும். ஓர் இரவுக்காக அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கவுன் வாங்கத் தேவையில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தையற்கடைகள் இருக்கின்றன. இருக்கிற உடையின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ புது உடையின் விலை ஆகாது.

இன்று ஷா ஆலம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். 1978-ல் சிலாங்கூரின் தலைநகரானது, 2000-ல் மாநகரத் தகுதி பெற்றது. இந்த நாட்டுத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் கைலியும் நீளக்கைச் சட்டையும் உடுத்தினார்கள். கொசுவும் அட்டையும் கடிக்காமல் இருக்க அந்த நீளம் தேவைப்பட்டது. எங்கே போகிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று பார்த்து உடுத்திய அறிவு அது. பேத்திமார் குளிர்சாதன மண்டபத்துக்குப் போகிறார்கள். இடம் மாறினாலும் கேள்வி அதேதான்.

கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். மகள் அழைப்பிதழை எடுத்துப் பார்க்கிறாள். 'லவுஞ்ச் சூட்' என்றிருக்கிறது. தரையைத் தொட வேண்டியதில்லை, ஆனால் கொஞ்சம் இறங்க வேண்டும். அம்மா கவுனைத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே இரண்டு அங்குலம் மடிப்பு இருக்கிறது.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து நில்லும்மா" என்கிறார், தையலைப் பிரித்துக்கொண்டே.

மகள் நிற்கிறாள். அம்மா ஊசி குத்துகிறார். "இப்ப உட்காரு."

உட்காருகிறாள். கவுன் முழங்காலை மூடியபடி இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் அது அவள் ஆசைப்பட்டு வாங்கிய அதே கவுன்தான். சனிக்கிழமை இரவு அவள் அடிக்கடி இழுத்துவிட்டுக்கொள்ளாமல், நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேரோடு பேசலாம்.