ஆய்வுப் படிப்பும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் தொடங்கிய நாளில், நம் குடியிருப்புகளில் பத்தாம் வகுப்புத் தேறியவர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணினோம். பின்னர்ப் பட்டதாரிகளை எண்ணினோம். இன்று முதுகலை முடித்து, முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சான்றொப்பம் பெற என் மேசைக்கு வருகின்றனர். நான் பி.ஏ., பி.எட். மட்டுமே பயின்றவன். எனினும், அவர்கள் கொணரும் படிவங்களையும் விதித் தொகுப்புகளையும் அவர்களோடு அமர்ந்து படித்து வருகிறேன். அவ்வாறு படித்ததில் தெளிந்த ஒன்றையே இன்று சொல்ல விழைகிறேன். அறிவுக் குறைவால் ஆய்வுப் படிப்பை நிறுத்துவோர் நம்மிற் சிலரே. விதி அறியாமையால் நிறுத்துவோரே பலர்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் ஆராய்ச்சிப் படிப்பு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலை இயங்கலாயிற்று. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதையும் கண்டோம். ஆலை மூடிய மறுநாள் அதன் அடையாள அட்டை செல்லாது; பெற்ற பட்டம் என்றும் செல்லும். மேலும், நம் ஏரிகள் என்னவாயின, நம் நிலங்கள் எவ்வாறு கைமாறின, ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி எங்ஙனம் கணக்கிடப்படுகிறது என்பனவற்றை வெளியிலிருந்து வருவோர் ஆராய்ந்து எழுதுகின்றனர். வயலையும் ஆலையையும் அறிந்த நம் பிள்ளைகள் அவற்றை எழுத வேண்டாமா?

இப்பாதையில் நமக்கு முன்னே நடந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பெற்ற பட்டங்களைச் சுவரொட்டியில் வரிசையாக அச்சிடுகிறோம். அவற்றை அவர் எவ்வாறு பெற்றார் என்பதை நாம் போதிய அளவு கற்கவில்லை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையில் 1913-இல் அவர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குப் பொருளியல் பேராசிரியர் செலிக்மன் அவருக்கு வழிகாட்டினார். 1916-இல் இலண்டன் சென்று, பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கல்விக்கூடத்திலும் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. இந்த இடத்தைத்தான் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் சொல்லாமற் கொள்ளாமல் ஊர் திரும்பவில்லை. பேராசிரியர் எட்வின் கேனனின் பரிந்துரையோடு, 1917 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே புறப்பட்டார். தாயகத்தில் பரோடா அரசுப் பணியில் தீண்டாமையின் கொடுமையை அனுபவித்தார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பரும் உதவினர். 1920-இல், குறித்த கெடுவுக்குள், இலண்டன் திரும்பினார். அந்த அனுமதி கையில் இல்லாதிருந்தால், சேர்த்த பணம் என்ன பயன் தந்திருக்கும்?

1922 அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு திருப்பினர். கையிருப்புக் கரைந்து பம்பாய் திரும்பிய நிலையிலும், முடிவுகளை மாற்றாமல் ஏட்டைத் திருத்தி அனுப்பினார். 1923 இறுதியில் டி.எஸ்சி. பட்டம் உறுதியாயிற்று. ஆய்வேடு திரும்பி வருவது அவமானமன்று. அது ஆய்வு முறையின் ஒரு படி என்பதை இதனால் உணர்க.

கொலம்பியாவின் முனைவர் பட்டக் கதையோ இன்னும் நீண்டது. அக்காலத்தில் ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் முறைப்படி வழங்கப்படும். அந்நூல் 1925-இல் இலண்டனில் அச்சேறியது. பட்டம் 1927-இல் வந்தது. நூலுக்கு முன்னுரை எழுதியவர் செலிக்மன். பத்தாண்டு கழிந்தும் மாணவரும் ஆசிரியரும் தொடர்பு அறாமல் இருந்தனர். விதி நிறைவேறும் வரை அண்ணலும் விட்டுவிடவில்லை.

நெறியாளர் என்பவர் யார் என்பதற்கும் அங்கேயே விடை இருக்கிறது. ரூபாய் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதிய கேனன், அண்ணலின் வாதங்களிற் பலவற்றை ஏற்கவில்லை என்று அம்முன்னுரையிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஆயினும் அவருடைய புதுமையைப் பாராட்டினார். கருத்தில் மாறுபட்டும் கைவிடாதவரே நல்ல நெறியாளர். மாறுபட்டும் மரியாதை தவறாதவரே நல்ல மாணவர். நம் ஊருக்கே உரிய இராமானுசரும், திருப்புட்குழியில் தம் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு பொருள் விளக்கத்தில் மாறுபட்டார் என்றே குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. ஆசிரியரின் கருத்தை ஏற்காமை குருத் துரோகம் என்று நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் எல்லா நெறியாளரும் கேனன் அல்லர். நம் பிள்ளைகள் பெரும்பாலும் குடும்பத்தின் முதற்பட்டதாரிகள். பேராசிரியர் அறைக்குள் நுழையும்போதே, பண்ணை வீட்டு வாசலில் நின்ற பாட்டனின் கூச்சம் அவர்களுக்குள் எழுகிறது. கேட்க வேண்டியதைக் கேளாமல் திரும்புகின்றனர். வீட்டு வேலை ஏவினாலும் செய்கின்றனர். நெறியாளர் ஆண்டான் அல்லர். மாணவர் அடியாள் அல்லர். இருவரையும் கட்டுப்படுத்தும் விதிகள் உள்ளன. அவற்றை அறிந்தவனுக்குக் கூச்சம் பாதி குறையும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் முனைவர் பட்டத்திற்கான விதிகளை வெளியிட்டது. அவற்றுள் நாம் மனத்திற் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, தகுதி. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதியினர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 50 பெற்ற பிள்ளை, தகுதியில்லை என்றெண்ணி வீட்டில் இருந்துவிடலாகாது.

இரண்டாவது, இடம். ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருத்தல் கூடாது. ஆகவே எவரிடம் இடம் காலியுள்ளது என்பதை முன்கூட்டியே விசாரித்தறிக. ஓய்வு பெற மூன்றாண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்பதையும் அறிக.

மூன்றாவது, காலம். குறைந்தது 3 ஆண்டு. மிகுந்தது 6 ஆண்டு. மறுபதிவின் வழியே மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகையும், மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. மணம் முடித்து வேற்றூர் செல்ல நேர்ந்தால், செய்த ஆய்வோடு வேறு நிறுவனத்திற்கு மாறவும் விதி இடம் தருகிறது. தாய்மார்களே, மகளுக்குத் திருமணம் என்பதால் அவள் ஆய்வை மூட்டைகட்டி வைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஆய்வு ஆலோசனைக் குழு. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் முன்னேற்றத்தை இக்குழுவின் முன் எடுத்துரைக்க வேண்டும். இதனைச் சடங்காகக் கருதற்க. நெறியாளர் ஒருவரை மட்டும் நம்பியிராமல், நம் உழைப்பைப் பலர் அறியப் பதிவு செய்யும் இடம் அது.

ஐந்தாவது, பகுதிநேர ஆய்வு. ஆலையில் பணிபுரிவோர்க்கு இது திறந்த வாயில். ஆனால் வேலை அளித்தவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்பதும், தேவைப்படின் பாடநெறியை முடிக்கப் பணியினின்று விடுவிக்கப்படுவார் என்பதும் அச்சான்றில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்யும் இளைஞன் இச்சான்றை யாரிடம் கேட்பான்? ஆலை நிர்வாகம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் ஆலையைக் காட்டுவார். நம் சங்கம் துணை நிற்க வேண்டிய இடம் இது. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ முனைவர் பட்டம் தருவதாகச் சொல்வோரிடம் பணம் கட்டி ஏமாறவும் கூடாது. அதனை விதி அனுமதிக்கவில்லை.

நம் பகுதி இளைஞர் ஒருவர், உதிரிபாக ஆலையில் மாற்றுநேர வேலை செய்துகொண்டே பகுதிநேர ஆய்வில் சேர்ந்தார். நான்காம் ஆண்டில் அவருடைய நெறியாளர் ஓய்வு பெற்றார். வேறொருவரை ஏற்பாடு செய்வதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். இவரும் நம்பிக் காத்திருந்தார். கட்டணமும் கட்டினார், ஆனால் ஒரு கடிதமும் எழுதவில்லை. ஆறாம் ஆண்டு முடிந்தபோது, பதிவேட்டில் அவருக்கு நெறியாளரே இல்லை. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்திருந்தது. இரண்டு அலமாரி நிறைய அவர் சேர்த்த தரவுகள் இன்றும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஓய்வு பெற்றவர் இணை நெறியாளராகத் தொடர விதியுண்டு என்பதை அறிந்து, ஒரே ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் அவர் இன்று முனைவர்.

எனவே ஆய்வு மாணவர்க்கு என் வேண்டுகோள் இவை. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி நூலை வாங்கி முழுமையும் படியுங்கள். நெறியாளரைச் சந்தித்த அன்றே, பேசி முடிவு செய்தவற்றைச் சுருக்கமாக எழுதி, பணிவோடு அவருக்கு அனுப்பி வையுங்கள். கட்டண இரசீது முதல் குழுவின் குறிப்பு வரை ஒரே கோப்பில் சேருங்கள். கெடு நாட்களை நாட்காட்டியில் குறியுங்கள். வெறுங்கையோடு செல்லாமல், நான்கு பக்கமேனும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுதியதைத் திருத்த ஆசிரியர்க்கு எளிது. இடர் நேர்ந்தால் முதலில் நெறியாளரிடம், பின் துறைத் தலைவரிடம், பின் பதிவாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். சாதி காரணமாக இழிவு நேர்ந்தால், பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவு அங்கே இருக்கிறது. பாகுபாட்டைத் தடுக்க அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என 2012-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

பொருளுதவியும் உண்டு. தேசியத் தகுதித் தேர்வின் வழியே பெறும் பட்டியல் சாதியினர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, 2023 சனவரி முதல் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயாகவும், பின்னர் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முழுநேர ஆய்வு மாணவர்க்குத் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்துள்ளது. இவை தருமமல்ல, உரிமை.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று உயிர் நீத்தார். பல மாத உதவித்தொகை அவருக்கு வந்து சேரவில்லை. அச்செய்தி நமக்கு உணர்த்துவது ஒன்று. பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்ததோடு சமுதாயத்தின் கடமை தீர்ந்துவிடாது. அவன் தனித்து நிற்காமல் காப்பதும் நம் கடமையே.

ஆதலால் சங்கத்திற்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். நம் நூலகத்தில் விதி நூல்களையும் உதவித்தொகை அறிவிப்புகளையும் தமிழில் விளக்கி வைக்க வேண்டும். ஆய்வு மாணவர் அனைவரும் மாதம் ஒருமுறை கூடி, தம் நிலையை எடுத்துரைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும். தடையின்மைச் சான்று வேண்டுவோர்க்காக ஆலை நிர்வாகத்திடம் சங்கமே கடிதம் எழுத வேண்டும்.

இலண்டனை விட்டு வறுமையோடு புறப்பட்ட அந்த இளைஞர், திரும்பி வரும் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொண்டே கப்பலேறினார். நம் பிள்ளைகளும் அறிவோடு விதியையும் கைக்கொண்டு செல்வார்களாக. பொன்விழா மலரின் கட்டுரைகளை நம் முனைவர்கள் எழுதுவார்களாக.