காற்றை வெறுக்கும் கிருமி



உணவு கெட்டுப்போயிற்று என்பதை நிறத்தாலும் நாற்றத்தாலும் சுவையாலும் அறிகிறோம். இம்மூன்றும் நம்மை எச்சரிக்காமலே உணவு நஞ்சாகியிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு வரலாற்றைக் கூறுகிறேன்.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெல்ஜிய நாட்டின் எல்ஸெல் என்னும் சிற்றூரில், ஒரு முதியவரின் இறுதிச் சடங்கிற்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பு நீரில் ஊறிய பன்றித்தொடை இறைச்சியை வேகவைக்காமல் உண்டனர். பின்னர் அவர்களுக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றின, விழுங்க இயலவில்லை, பேச்சுக் குழறியது. மூவர் மாண்டனர்.

கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் இதை ஆராய்ந்தார். அவருடைய ஆராய்ச்சியில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒரு பீப்பாய். அதே பன்றியின் மற்றொரு தொடையும் அதே பீப்பாயில்தான் இருந்தது. அதை உண்டவர்க்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அது மேலே, உப்பு நீருக்கு வெளியே இருந்தது; நஞ்சேறியதோ அடியில் மூழ்கிக் கிடந்தது. அங்கே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமியை அவ்விறைச்சியிலும், இறந்த ஒருவரின் உடலிலும் அவர் கண்டார். அதற்கு ‘பொட்டுலினம்’ என்ற பெயர் வழங்குகிறது. ‘பொட்டுலஸ்’ என்றால் லத்தீன் மொழியில் இறைச்சிக் குழல். இதே நோயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கவிஞரும் மருத்துவருமான யூஸ்டினஸ் கெர்னர், இறைச்சிக் குழல் நஞ்சு என்று ஜெர்மனியில் விவரித்திருந்தார்.

இக்கிருமி மண்ணில் எங்கும் உண்டு. துன்பக் காலத்தில் தடித்த உறையுடைய வித்தாக மாறி உறங்கும். கொதிநீர் அவ்வித்தை எளிதில் கொல்லாது. ஆகையால்தான் தொழிற்சாலைகளில் புளிப்பற்ற உணவை டப்பாவில் அடைக்கும்போது, அழுத்தமேற்றிய நீராவியால் 121 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்குகிறார்கள். தப்பிய வித்து காற்றற்ற டப்பாவினுள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு நரம்பின் கட்டளை தசையைச் சேராதபடி தடுக்கிறது. மூச்சுத் தசைகள் ஓய்ந்தால் உயிர் போகிறது.

ஆனால் இயற்கை நமக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. வித்து வலியது, நஞ்சோ வெப்பத்திற்கு ஆற்றாதது. சில நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். மிகுந்த புளிப்பிலும் மிகுந்த உப்பிலும் இக்கிருமி வளராது.

உப்பிய டப்பாவைக் கண்டால் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். அறிவால் சோதிக்க வேண்டியதை நாவால் சோதிக்கலாகாது.